ஏதென்ஸ் ஆந்தை வெள்ளி நாணயம் அசலா, போலியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கிரேக்க வெள்ளி நாணயம் என்றால் எத்தனையோ ஊர்கள், எத்தனையோ வகைகள். எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொத்தாம்பொதுவாகப் பேசினால் யாருக்கும் பிரயோசனம் இல்லை. அதனால் இங்கே பெரும்பாலும் ஏதென்ஸின் ஆந்தை நாணயத்தையே வைத்துப் பேசுகிறேன். பெயர்போனது என்பதால் போலி அடிப்பவர்களுக்கும் அதன்மேல்தான் கண். ஒன்றைச் சரியாகப் பார்க்கப் பழகிவிட்டால் மற்றவற்றுக்கும் அதே கண் போதும்.

ஆந்தை நாணயம் என்பது சரியாக எது?

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரம் ஏராளமாக அடித்துத் தள்ளிய நான்கு திராக்மா நாணயம் (திராக்மா என்பது அவர்களுடைய பண அலகு). டெட்ராட்ராக்ம் என்பது அதன் பெயர். ஒரு பக்கம் தலைக்கவசம் அணிந்த அதீனா தெய்வம், கவசத்தின் முன்பகுதியில் மூன்று ஆலிவ் இலைகள், பின்பகுதியில் ஒரு சுருள் பூவேலை. மறுபக்கம் ஆந்தை. உடம்பு வலப்பக்கம் திரும்பியிருக்கும், முகம் மட்டும் நேராக நம்மைப் பார்க்கும். ஆந்தைக்குப் பின்னால் இடது மேல் மூலையில் ஆலிவ் கொத்து, அதை ஒட்டிச் சின்னப் பிறை. வலப்பக்கம் மேலிருந்து கீழாக ஆல்ஃபா, தீட்டா, எப்சிலன் என்று மூன்று எழுத்துகள். இது எல்லாம் ஒரு குழிந்த சதுரத்துக்குள் இருக்கும், ஏனென்றால் பின்பக்க உருவத்தைச் செதுக்கிய அச்சு சதுரமான ஆணி போன்றது, அதை வைத்து ஓங்கி அடித்தபோது வெள்ளிக்குள் இறங்கிய தடம் அது.

எடை 17.2 கிராம் அளவு, குறுக்களவு ஏறத்தாழ 24, 25 மில்லிமீட்டர். நம் கைக்கு ஆச்சரியமாக இருப்பது அதன் தடிமன்தான். இன்றைய காசு போலத் தட்டையாக இருக்காது, கட்டியாக இருக்கும். வெள்ளி பெரும்பாலும் ஏதென்ஸுக்குத் தெற்கே உள்ள லாவ்ரியன் சுரங்கங்களிலிருந்து வந்தது. கி.மு. 483இல் அங்கே வளமான படிவம் கிடைத்ததும் ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டாக்கிளீஸ் பேசி அந்தப் பணத்தைப் போர்க்கப்பல்களுக்குத் திருப்பியதும் வரலாற்றுப் பாடத்தில் வருவதுதான். இன்றைய கிரேக்க ஒரு யூரோ நாணயத்திலும் இதே ஆந்தையைத்தான் போட்டிருக்கிறார்கள்.

ஒரே சோதனையில் அசல் என்று உறுதியாகத் தெரிந்துவிடுமா?

தெரியாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்வதென்றால் இதை வையுங்கள்: போலி என்று காட்ட ஒரே ஒரு சான்று போதும், அசல் என்று காட்ட எந்த ஒரு சான்றும் தனியாகப் போதாது. எடை சரியாக இருக்கிறது, வெள்ளிதான், காந்தம் ஒட்டவில்லை என்பதெல்லாம் "இதுவரை சிக்கவில்லை" என்று மட்டும்தான் சொல்கின்றன. எல்லா வடிகட்டிகளையும் தாண்டிய பிறகு, அச்சு தெரிந்த, உறுதியான நாணயங்களோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, கடைசியில் பல நூறு அசல்களைப் பார்த்துப் பழகிய ஒருவர் "சரி" என்று சொல்ல வேண்டும். சோதனைக்கூடம் உதவும், ஆனால் கடைசித் தீர்ப்பு பெரும்பாலும் கண்ணுடையதுதான்.

எடை எவ்வளவு இருக்க வேண்டும்? என்னுடையது 16.4 கிராம்தான் வருகிறது.

நல்ல நிலையில் உள்ளவை பெரும்பாலும் 17.0 முதல் 17.2 வரை நிற்கும். ஏதென்ஸ்காரர்கள் எடையில் கறாரானவர்கள், அந்தக் கறார்தான் மத்தியதரைக்கடல் முழுக்க அந்தக் காசுக்கு மதிப்புக் கொடுத்தது. நன்றாகத் தேய்ந்தது, மண்ணில் கிடந்து அரித்தது, விளிம்பு உடைந்தது என்றால் 16.5, அதற்குக் கீழேயும் போகலாம். ஆனால் தேய்வே இல்லாமல், ஆந்தையின் இறகு பளிச்சென்று தெரிகிற நாணயம் 15.8 கிராம் நின்றால் சந்தேகப்படுங்கள். காட்சிக்கும் எடைக்கும் பொருந்த வேண்டும், அதுதான் விஷயம். 17.5, 18 என்று அதிகமாக நின்றாலும் அதே சந்தேகம். அடகுக்கடைத் தராசு வேண்டாம், 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை.

எடை சரியாக இருப்பதால் மட்டும் மனம் குளிர வேண்டாம். எடையைச் சரியாக வைப்பது போலி செய்பவருக்கு மிகச் சுலபமான வேலை.

லென்ஸில் பார்க்கச் சொல்கிறார்கள். எதைப் பார்ப்பது?

பத்து மடங்கு லென்ஸ், பக்கவாட்டில் ஒரு விளக்கு. நேர் மேலே இருந்து வெளிச்சம் வேண்டாம், எல்லாம் தட்டையாகத் தெரியும்.

முதலில் பார்க்க வேண்டியது, உருவமும் தளமும் சேரும் இடம். ஆந்தையின் கால் தளத்தில் இறங்கும் கோணம், எழுத்தின் பக்கச்சுவர், அதீனாவின் மூக்குக்குக் கீழே உதட்டோரம், இந்த மாதிரி இடங்கள். அசல் நாணயம் அச்சில் அடித்தது. வெள்ளி ஒரே அடியில் நசுங்கி அச்சின் பள்ளங்களுக்குள் பாய்ந்திருக்கிறது. அதனால் அந்தக் கோணம் கறாராக இருக்கும், தேய்ந்த நாணயத்தில்கூட மேடுதான் தேய்ந்திருக்குமே தவிர அடிக்கோணம் பெரும்பாலும் தப்பியிருக்கும். வார்ப்பில், அதாவது உருக்கிய உலோகத்தை அச்சுக்கூட்டில் ஊற்றிச் செய்த போலியில் அந்த இடமெல்லாம் கரைந்த சோப்பு மாதிரி வழுவழுப்பாக, மேடும் பள்ளமும் ஒன்றோடொன்று இழைந்து கிடக்கும். தேய்வு எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள்: கன்னத்தின் உச்சி முழுசாக இருந்து, கண்ணோரப் பள்ளம் மட்டும் மழுங்கியிருந்தால் அது புழக்கத்தால் வந்த தேய்வே இல்லை. கைமாறிய காசில் பள்ளம் முதலில் தேயாது.

இரண்டாவது, பாய்ச்சல் கோடுகள். அடிபட்ட வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடியதற்கான மெல்லிய கோடுகள், எழுத்துகளின் பக்கத்திலும் வெற்றுத் தளத்திலும், நாணயத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால் தெரியும். எல்லா அசலிலும் தெரியாது, அரிப்பு தின்றிருக்கும். ஆனால் இருந்தால் வார்ப்பு இல்லை என்பதற்கு நல்ல அறிகுறி.

மூன்றாவது, குழிகளும் குமிழ்களும். இதில்தான் புதிதாக வருபவர்கள் குழம்புகிறார்கள். அரிப்பினால் வந்த குழி ஒழுங்கில்லாமல், கூரான ஓரத்தோடு, மேற்பரப்பிலிருந்து உள்ளே தின்றதாக இருக்கும். வார்ப்பில் காற்று மாட்டியதால் வந்த குழி வட்டமாக, வழுவழுவென்று இருக்கும். அச்சுக்கூட்டில் இருந்த காற்றுக்குமிழியில் உலோகம் புகுந்திருந்தால் குழிக்குப் பதிலாகச் சின்னச் சின்ன உருண்டை மணிகள் தளத்தில் நிற்கும். ஆந்தையின் கண்ணோரத்திலும் எழுத்துகளின் மூலையிலும் அப்படி உருண்டைகளைப் பார்த்தால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம்.

ஒரு சின்ன விவரம். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்த சாதாரண ஆந்தையின் வால் ஒற்றை முனையாக முடியும், அதற்கு முந்தையவற்றில் மூன்று சின்ன இறகுகளாகப் பிரியும். அதீனாவின் பிற்கால முகத்துக்கு ஆந்தையின் முற்கால வால் ஒட்டிக்கொண்டிருப்பது நினைவுப்பொருள் கடைச் சரக்கில் நடக்கும். வரைபடத்தைப் பார்த்து அச்சு வெட்டியவருக்கு அது தெரிந்திருக்காது.

விளிம்பில் என்ன இருக்கிறது? யாரும் அதன் படம் போடுவதில்லையே.

போடாததே ஒரு தகவல். விளிம்புப் படம் கேளுங்கள், தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

வார்ப்பு என்றால் இரண்டு பாதிகள் சேர்ந்த கோடு விளிம்பைச் சுற்றி ஓடும், அல்லது அந்தக் கோட்டை அரத்தால் ராவி மறைத்த கீறல்கள் ஒரே திசையில் இருக்கும். அசல் ஆந்தையில் விளிம்பு ஒரே சீராக இருக்காது. ஓர் இடம் தடித்து, ஓர் இடம் மெலிந்து, பல நேரம் அடி தாங்காமல் வெடித்த பிளவுகளோடு இருக்கும். பிளவு அசலுக்கு அடையாளம்தான், ஆனால் உள்ளே கூர்மையாக, ஆழமாக இறங்குகிறதா என்று பாருங்கள். போலியில் பிளவையும் சேர்த்தே வார்த்திருப்பார்கள், உள்ளே எட்டிப் பார்த்தால் அடிப்பகுதி உருண்டு மூடிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் மியூசியத்துக்காக ராபர்ட் ரெடி என்பவர் மின்முலாம் முறையில் அருமையான நகல்கள் செய்தார். ஏமாற்றுவதற்கு அல்ல, படிப்பதற்கு. இரண்டு மெல்லிய ஓடுகளைச் செய்து உள்ளே ஈயம் போன்றதை நிரப்பி ஒட்டியவை. பலவற்றின் விளிம்பில் அவருடைய பெயரின் முதலெழுத்துகளான ஆர் ஆர் பொறித்திருக்கும். யாராவது அதை ராவிவிட்டு அசலாக விற்றால் மேற்பரப்பைப் பார்த்துப் பிடிப்பது கஷ்டம், விளிம்பைப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

இதே மாதிரி இன்னொரு நாணயத்தை ஏலத்தில் பார்த்தேன், அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கிறது. அப்படியென்றால் என்னுடையதும் அசல்தானே?

இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

ஓர் அச்சிலிருந்து ஆயிரக்கணக்கில் நாணயம் அடிப்பார்கள். ஆகவே இரண்டு நாணயங்கள் ஒரே அச்சிலிருந்து வந்திருப்பது சாதாரணம், அது நல்ல செய்தியும்கூட. அதீனாவின் மூக்கு, இலை, காதணி எல்லாம் கோட்டுக்குக் கோடு பொருந்தும். ஆனால் அச்சு ஒன்றாக இருந்தாலும் அடிக்க வைத்த வெற்று வெள்ளி வில்லை வேறு, அடித்த அடி வேறு, பிறகு அது பட்ட பாடு வேறு. ஒன்றில் தலைக்கவசத்தின் உச்சியில் நிற்கும் முடி மேலே வெட்டுப்பட்டிருக்கும், இன்னொன்றில் மூக்கு விளிம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றில் கடிகாரத்தில் ஏழு மணி இருக்கும் பக்கம் பிளவு, இன்னொன்றில் பிளவே இல்லை.

இப்போது, இரண்டு நாணயங்களில் அச்சு மட்டும் இல்லாமல் வில்லையின் வடிவம், உருவம் நடுவிலிருந்து விலகிய அளவு, விளிம்புப் பிளவு, கன்னத்தில் விழுந்த ஒரு கீறல் எல்லாமே ஒன்றாக இருந்தால்? அடிபட்ட பிறகு தற்செயலாக விழுந்த ஒரு கீறல் இரண்டு நாணயங்களில் ஒரே இடத்தில் விழ வழியே இல்லை. இரண்டும் ஒரே தாயிலிருந்து எடுத்த நகல்கள், அல்லது ஒன்று தாய், மற்றது பிள்ளை. இதைவிட உறுதியான சான்று இந்தத் துறையில் கிடையாது. அசல் நாணயத்தை வைத்து அச்சு எடுத்து, அந்த அச்சில் நிஜமாகவே வெள்ளியை அடித்துச் செய்யும் நவீனப் போலிகளை வேறு எப்படியும் பிடிக்க முடியாமல், இப்படி இரட்டையர்களைத் தேடிப் பிடித்தது எத்தனையோ முறை நடந்திருக்கிறது. தாய் நாணயத்தின் தேய்வும் கீறலும் அச்சிலேயே ஏறிவிடும் என்பதை அவர்களால் முழுசாக மறைக்க முடிவதில்லை.

1988 வாக்கில் கருங்கடல் ஓரத்து ஊர்களான அப்போலோனியா, மெசெம்பிரியாவின் சின்ன வெள்ளி நாணயங்கள் திடீரென்று சந்தையில் குவிந்தன. அழகாக இருந்தன, அடித்தவைதான், வார்ப்பு இல்லை. பெரிய வணிகர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள், கடைசியில் போலி என்று முடிவானது. ஒரே நேரத்தில், ஒரே வகை, ஒரே புத்தம்புது நிலையில் கூட்டமாக வந்து இறங்கினால் இன்றும் அனுபவசாலிகள் கொஞ்சம் பொறுத்திருப்பது இதனால்தான்.

ஒப்பிட எங்கே போவது? பிரிட்டிஷ் மியூசியத்தின் இணையத் தொகுப்பு, நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாணயவியல் கழகத்தின் தரவுத்தளம், ஏல நிறுவனங்களின் பழைய படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் தேடுதளங்கள், தெரிந்த போலிகளைத் தொகுத்து வைத்திருக்கும் தளங்கள். பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சாயங்காலம் முழுக்க அசல் படங்களையும் போலிப் படங்களையும் மாறி மாறிப் பாருங்கள். எந்தக் கருவியையும்விட இது அதிகம் கற்றுத் தரும்.

வீட்டிலேயே வெள்ளியா என்று பார்க்க முடியுமா?

முடியும், ஒரு டம்ளர் தண்ணீர் போதும். தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்து பூஜ்யம் ஆக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி முழுதும் முங்கும்படி தொங்கவிடுங்கள், அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது. இப்போது தராசு காட்டுவது நாணயம் விலக்கிய தண்ணீரின் எடை. நாணயம் 17.12 கிராம், தண்ணீரில் 1.64 என்று காட்டினால், வகுத்தால் 10.44. சுத்த வெள்ளியின் அடர்த்தி 10.49, ஆந்தை நாணயம் ஏறக்குறைய சுத்த வெள்ளி, எனவே பொருத்தம். உள்ளே செம்பு இருந்தால் 9ஐ நோக்கி இறங்கும், வெள்ளீயக் கலவை என்றால் 7ஐ ஒட்டி நிற்கும். நாணயத்தில் ஒட்டிய காற்றுக்குமிழியை விரலால் தட்டிவிட மறக்காதீர்கள், கணக்கே மாறிவிடும்.

ஆனால் 925 வெள்ளி என்று நகைக்கடையில் விற்பதன் அடர்த்தியும் 10.3ஐத் தாண்டும். வீட்டுத் தராசில் அதையும் பழைய வெள்ளியையும் பிரிக்க முடியாது. மலிவுப் போலிகளைக் கழித்துக்கட்ட மட்டும்தான் இது.

காந்தம்?

ஒட்டினால் போலி. ஒட்டாவிட்டால் ஒன்றும் தெரியாது. செம்பும் ஒட்டாது, ஈயமும் ஒட்டாது.

சுண்டிப் பார்த்தால் கணீரென்று சத்தம் வர வேண்டுமாமே?

தயவுசெய்து சுண்டாதீர்கள், தரையில் போட்டும் பார்க்காதீர்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டு மண்ணில் கிடந்த வெள்ளியின் உள்ளே படிகங்களின் இணைப்புகள் பலவீனமாகி, மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே நொறுங்கும் பதத்தில் இருக்கும். அப்படிப்பட்ட அசல் மந்தமாகத்தான் ஒலிக்கும், கீழே விழுந்தால் இரண்டாக உடையும். புது வெள்ளியில் செய்த போலிதான் அழகாகக் கணீர் என்கும்.

எங்கள் ஊர் பத்தரிடம் உரைகல்லில் உரசிப் பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். பத்தர் நல்லவராக இருக்கலாம், அவர் சொல்லப்போவது "வெள்ளிதான்" என்பது மட்டும், அதற்கு விலையாக நாணயத்தில் ஒரு உரசல் தடம். அமிலம் விட்டால் இன்னும் மோசம்.

அதற்குப் பதிலாக, நகைக்கடைகளிலும் ஹால்மார்க் மையங்களிலும் இருக்கும் கேரட் மீட்டரில் காட்டலாம். எக்ஸ் கதிரை வைத்து உலோகக் கலவையைச் சொல்லும் கருவி, நாணயத்துக்குச் சேதமில்லை. வெள்ளி எத்தனை சதவீதம் என்பதோடு நிற்காமல் மீதி என்ன என்று கேளுங்கள். அந்தக் காலத்தில் ஈயத் தாதுவிலிருந்து வெள்ளியைப் பிரித்தார்கள், அதனால் பழைய வெள்ளியில் சிறு அளவு ஈயமும் தங்கமும் தங்கியிருக்கும். வெள்ளி 92.5, மீதி முழுக்கச் செம்பு என்று வந்தால் அது இந்தக் காலத்து நகை வெள்ளி. 99.9 என்று வந்து வேறு எதுவுமே இல்லை என்றாலும் சந்தோஷப்படாதீர்கள், அவ்வளவு சுத்தம் இன்றைய சுத்திகரிப்பு ஆலையின் வேலை. இந்தக் கருவி மேற்பரப்பை மட்டும்தான் பார்க்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய வெள்ளி நாணயத்தை உருக்கி அதில் போலி அடித்தவர்களும் உண்டு, அங்கே இந்தச் சோதனை கையை விரித்துவிடும்.

நாணயம் கறுத்திருக்கிறது. பழசு என்பதற்கு அடையாளம்தானே?

கறுப்பு கந்தகத்தால் வருவது, அதை ஒரு மணி நேரத்தில் வரவழைக்கலாம். செயற்கைக் கறுப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக அப்பியிருக்கும், அல்லது பள்ளங்களில் மட்டும் வண்ணம் பூசினாற்போல் நின்று, பஞ்சில் ஒட்டிக்கொண்டு வரும். இயற்கையாக வந்தது அடுக்கடுக்காக, இடத்துக்கு இடம் மாறும். மண்ணில் நீண்ட காலம் கிடந்த வெள்ளியில் சில நேரம் சாம்பல், பழுப்பு நிறத்தில் மெழுகு போன்ற ஒரு கெட்டியான படலம் வரும், அது வெள்ளிக் குளோரைடு. வெள்ளியையே தின்று உருவானது என்பதால் அதைச் செயற்கையாக நம்பும்படி செய்வது சுலபமில்லை.

ஒரு வேண்டுகோள்: நம் வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கைத் துலக்குகிற மாதிரி விபூதி, புளி, பற்பசை எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். சான்றும் போகும், விலையும் போகும்.

என் நாணயத்தில் ஆந்தையின் குறுக்கே ஆழமாக ஒரு வெட்டு இருக்கிறது. கெட்டுப்போன நாணயமா?

விலை குறையும், ஆனால் எனக்கு இந்த வெட்டுபட்டவைதான் பிடிக்கும். அந்தக் காலத்திலேயே யாரோ ஒருவர் நம்மைப் போலச் சந்தேகப்பட்டு, உள்ளே செம்பா வெள்ளியா என்று உளியை வைத்துப் பார்த்திருக்கிறார்.

இதைப் பற்றிச் சட்டமே இருக்கிறது. கி.மு. 375இல் நிக்கோஃபோன் என்பவர் கொண்டுவந்த ஏதென்ஸ் சட்டம், சலவைக்கல்லில் வெட்டியது, 1970இல் ஏதென்ஸின் பழைய சந்தைத் திடலான அகோராவில் நடந்த அகழாய்வில் கிடைத்தது. சந்தையில் பணம் மாற்றும் மேசைகளுக்கு நடுவே நாணயச் சோதகர் ஒருவர் உட்கார வேண்டும், பிரேயஸ் துறைமுகத்திலும் ஒருவர். இவர்கள் அரசு அடிமைகள். யாராவது நாணயத்தைக் காட்டினால் பார்த்துச் சொல்ல வேண்டும். உள்ளே செம்போ ஈயமோ இருந்தால், அல்லது கள்ளக்காசாக இருந்தால், அங்கேயே குறுக்கே வெட்டி, தேவர்களின் தாய்க்குச் சொந்தம் என்று ஒப்படைத்துவிட வேண்டும். சோதகர் சரி என்று சொன்ன வெள்ளியை வாங்க மறுக்கும் வியாபாரியின் அன்றைய சரக்கு பறிமுதல். சோதகர் உட்காராவிட்டாலோ சட்டப்படி சோதிக்காவிட்டாலோ ஐம்பது கசையடி. அதே சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு: ஏதென்ஸ் ஆந்தையைப் பார்த்து வெளியூரில் அடித்த, ஆனால் நல்ல வெள்ளியாக உள்ள காசைச் சோதகர் வெட்டக் கூடாது, கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். கள்ளக்காசும் நகலும் வேறு வேறு என்று அப்போதே பிரித்துவைத்திருக்கிறார்கள். எகிப்திலும் கிழக்கிலும் போன ஆந்தைகளில்தான் இந்த வெட்டுகள் அதிகம், அங்கே காசை எண்ணாமல் எடைபோட்டு வாங்குவது வழக்கம்.

சோதிக்கும்போது வெட்டின் உள்ளே பாருங்கள். பழைய வெட்டு என்றால் உள்சுவரும் மேற்பரப்பு மாதிரியே கறுத்திருக்கும், ஓரம் கூராக, உளி தள்ளிய வெள்ளி இருபுறமும் சற்றே எழும்பி நிற்கும். வெட்டையும் சேர்த்து வார்த்த போலியில் அது வெட்டாக இருக்காது, வெறும் வாய்க்காலாக இருக்கும்.

உள்ளே செம்பு, மேலே வெள்ளி. அப்படியானால் நவீனப் போலிதானே?

அவசியமில்லை. செம்புக் கருவின்மேல் வெள்ளித் தகட்டைச் சுற்றி, சூடாக்கி, அடித்து எடுத்த முலாம் நாணயங்கள் அந்தக் காலத்திலேயே ஏராளம். வெள்ளி கிழிந்த இடத்தில் பச்சைக் களிம்பு எட்டிப் பார்க்கும், எடை நன்றாகக் குறையும். ஸ்பார்ட்டாவுடன் போர் இழுத்துக்கொண்டே போய், சுரங்கமும் கையைவிட்டுப் போன கடைசி ஆண்டுகளில் ஏதென்ஸ் அரசே கி.மு. 406 வாக்கில் முலாம் காசு அடித்ததாக அறிஞர்கள் கொள்கிறார்கள். அரிஸ்டோபேனஸ் கி.மு. 405இல் அரங்கேற்றிய 'தவளைகள்' நாடகத்தில் நல்ல பழைய காசை விட்டுவிட்டு நேற்று அடித்த மட்டமான செம்பைப் புழங்குகிறோமே என்று மேடையிலேயே கேலி செய்தார். ஆக, பழைய கள்ளக்காசுக்கும் சேகரிப்பாளர் உண்டு, விலை மட்டும் குறைவு.

என் நாணயத்தில் அதீனாவின் முகம் விகாரமாக இருக்கிறது, நாணயமே நீள்வட்டமாக இருக்கிறது. போலியா?

அழகில்லை என்பதற்காகத் தள்ளாதீர்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டின் நடுவில் பழைய நாணயங்களைத் திரும்ப வாங்கி, அவற்றை மடித்து, அப்படியே மீண்டும் அடித்ததாகக் கருதப்படும் ஒரு வகை இருக்கிறது. கோணல்மாணலாக, நீளமாக, பாதி முகத்தோடு இருக்கும், முழுக்க அசல். அந்தக் காலகட்டத்தில் கண்ணும் மாறியது. முந்தைய ஆந்தை நாணயங்களில் அதீனாவின் பக்கவாட்டு முகத்தில் நேர்ப்பார்வைக் கண் பாதாம் பருப்பு வடிவில் இருக்கும், பிந்தையவற்றில் கண்ணும் பக்கவாட்டில் திரும்பிவிடும். எகிப்து, பாலஸ்தீனம், அரேபியா பக்கம் அடித்த உள்ளூர் நகல்களில் பாணி இன்னும் விலகும். நவீனப் போலி செய்பவர் பெரும்பாலும் அழகான, நடுவில் அமைந்த, கவச முடி முழுசாக வந்த நாணயத்தைத்தான் செய்வார், ஏனென்றால் அதற்குத்தான் விலை. பழுதில்லாத அழகுதான் என்னைக் கொஞ்சம் உஷார்ப்படுத்தும்.

பெரிய நிபுணர்கள்கூட ஏமாறுவார்களா?

நன்றாகவே ஏமாந்திருக்கிறார்கள். ஜெர்மனியில் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772-1830) தன் கையால் அச்சு வெட்டிக் கிரேக்க, ரோம நாணயங்களை அடித்தார். புது நாணயத்துக்குப் பழமை வர, இரும்புத் தூளும் எண்ணெய்ப் பசையும் போட்ட பெட்டியில் வைத்துக் குதிரைவண்டியின் அடியில் கட்டி ஊர் சுற்றினாராம், "என் கிழவர்களைச் சவாரி கூட்டிப் போனேன்" என்று சொல்வார் என்பது கதை. அவருடைய அச்சுகள் இன்று பெர்லினில் இருக்கின்றன, அவருடைய போலிகளையே தேடிச் சேகரிப்பவர்களும் இருக்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏதென்ஸிலேயே கிறிஸ்டோடூலோஸ் என்பவர் கைவரிசை காட்டினார், அவருடைய சரக்கை ஏதென்ஸ் நாணய அருங்காட்சியகத்தின் ஸ்வோரோனோஸ் பட்டியல் போட்டு 1922இல் வெளியிட்டார்.

சமீபத்து உதாரணம் இன்னும் சுவாரசியம். 2012 ஜனவரி, நியூயார்க்கில் நடந்த நாணயக் கண்காட்சி. துறையில் நல்ல பெயருள்ள ஒரு சேகரிப்பாளர், சிசிலியின் அக்ராகாஸ், கட்டானே நகரங்களின் அரிய வெள்ளி நாணயங்களை லட்சக்கணக்கான டாலருக்கு விற்க முயன்று, இத்தாலியில் சட்டவிரோதமாகத் தோண்டியவை என்ற குற்றச்சாட்டில் கைதானார். அவரும் அப்படித்தான் நம்பியிருந்தார். பிறகு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் எல்லாம் போலி. திருட்டுச் சரக்கு என்று நினைத்து விற்றதற்காக அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கண் தேர்ந்தவர்களுக்கே இந்தக் கதி, அதனால் மிக அரிய, மிக விலை உயர்ந்த நாணயம் என்றால் ஒருவர் கண்ணோடு நிறுத்தாதீர்கள்.

சான்றிதழோடு, கண்ணாடிப் பெட்டியில் சீல் வைத்து வருகிறதே, அதை நம்பலாமா?

யார் கொடுத்தது, எதற்கு உத்தரவாதம் என்று படித்துப் பாருங்கள். தரம் மட்டும் சொல்கிறோம், அசல்தன்மைக்கு உத்தரவாதமில்லை என்று பொடி எழுத்தில் போட்டிருக்கலாம். பெட்டிகளையும் போலியாகச் செய்கிறார்கள், எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு அதே நாணயத்தின் படம் வருகிறதா என்று பாருங்கள். விற்பவரே அச்சடித்துக் கொடுக்கும் சான்றிதழுக்கு ஒரு மதிப்பும் இல்லை.

ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒன்று பார்த்தேன்…

நினைவுப்பொருள். அசல் ஆந்தை சுமாரான நிலையிலேயே சில நூறு டாலர் போகும், நல்லது ஆயிரத்தைத் தாண்டும். "தாத்தா பெட்டியில் கிடைத்தது, எனக்கு ஒன்றும் தெரியாது, இருக்கும்படியே விற்கிறேன்" என்ற வாசகத்தோடு, அதே ஆள் அதே வாரத்தில் ஆறு ஆந்தைகள் விற்றால் தாத்தா ரொம்பப் பெரிய வியாபாரிதான். அசல் இல்லையென்றால் காலவரம்பு இல்லாமல் பணம் திருப்பித் தருவேன் என்று எழுதித் தருபவரிடம் வாங்குங்கள். பழைய ஏலப் பட்டியலில் படத்தோடு வந்த நாணயம் என்றால் இன்னும் நல்லது. எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கும் அது பதில் சொல்லிவிடும்.

தமிழ்நாட்டில் கிரேக்க நாணயம் கிடைக்குமா? எங்கள் ஊர் ஆற்றில் கிடைத்ததாக ஒருவர் விற்கிறார்.

கிடைத்திருக்கின்றன, ஆனால் அவர் காட்டுகிற மாதிரி இல்லை. கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் ரோட்ஸ், திரேஸ், செலூக்கிய அரசர்கள் என்று கிரேக்க உலகின் காசுகள் கிடைத்ததைத் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி தேடிச் சேர்த்து வெளியிட்டார். அவை பெரும்பாலும் தேய்ந்த சின்னச் செம்புக் காசுகள், பளபளக்கும் பெரிய வெள்ளி ஆந்தைகள் அல்ல. "ஆற்றில் கிடைத்தது" என்று ஆந்தையைக் காட்டினால் கதைக்குத்தான் விலை கேட்கிறார்.

நிஜமாகவே மண்ணில் கிடைத்தது என்றால் அது வேறு சிக்கல். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் எது கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு ஆண்டு கடந்த நாணயத்தைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தருவதில்லை.

வாங்கியது போலி என்று தெரிந்துவிட்டது. என்ன செய்வது?

சுத்தம் செய்யாமல், உரசாமல், வந்த உறையோடு எடுத்து வையுங்கள். இரு பக்கமும் விளிம்பும் தெளிவாகப் படம் எடுங்கள், எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏன் போலி என்கிறீர்கள் என்பதைக் காரணத்தோடு விற்றவருக்கு எழுதுங்கள். இரட்டையர் படம் கிடைத்திருந்தால் அதையும் சேர்த்து அனுப்பினால் பேச்சு சீக்கிரம் முடியும். நேர்மையான வியாபாரி வாதாடாமல் பணத்தைத் திருப்பித் தருவார், அவருக்கும் பெயர்தான் முதல். மறுத்தால் நீங்கள் பணம் கட்டிய வழியில், கார்டோ விற்பனைத் தளமோ, முறையீடு செய்யுங்கள், அதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். பணம் திரும்பவில்லை என்றால் போலி என்று தெளிவாக எழுதிய உறையில் போட்டு உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை லென்ஸில் ஒப்பிட உதவும். அடுத்தவர் தலையில் கட்டாதீர்கள்.